வரங்கர் கரையிலிருந்து அக்காவுக்கு

வரங்கர்பியோர்ட், நோர்வே
28.01.1990

அன்புள்ள அக்கா அறிவது,

நான் சுகம். உங்கள் எல்லாரின்ரை சுகத்துக்கும் சந்நிதியானை வேண்டுறன். "உயிரோடை இருக்கிறியோ?" எண்டு கேட்டு எழுதியிருந்தீங்கள். இந்தப் பனியிலை தபால்பெட்டி மட்டும் போறதே பெரும்பாடு, வேறை ஒண்டுமில்லை.

பட்டினத்தை விட்டிட்டு இப்ப கடலோரம் ஒரு பழைய மரக்குடிலிலை தனிய இருக்கிறன். கரண்ட் இல்லை, குழாய் இல்லை. கொட் மீன் குறைஞ்சுபோச்செண்டு அரசாங்கம் பிடிக்கிற அளவை வெட்டிப்போட்டுது. அதாலை நான் வேலை செய்யிற மீன் கொம்பனியிலை கொஞ்சம் ஓய்வு. மாமிக்குச் சொல்லாதேங்கோ, யோசிப்பா. எனக்கு இஞ்சை நல்லாப் பிடிச்சிருக்கு.

எழும்பினால் முதல் வேலை அடுப்பு. பேர்ச் மரத்தின்ரை பட்டை ஈரமெண்டாலும் காவோலை மாதிரிப் பத்தும். பிறகு கோடாலியும் வாளியுமாய் ஓடைக்குப் போய் ஐஸை உடைச்சுத்தான் தண்ணி. பின்னேரம் உடைச்ச ஓட்டை காலமை மூடிக் கிடக்கும். கார்த்திகையிலை போன சூரியன் பொங்கல் கழிஞ்சுதான் எட்டிப் பாத்தவர். ஆருக்குப் பொங்கிறது, சொல்லுங்கோ?

முந்தி எழுதினனே, பக்கத்திலை இருக்கிற மீன்பிடிக்கிற கிழவன், அவர் இன்னும் அப்பிடித்தான். என்ர புகைக்குழாயிலை புகை காணேல்லையெண்டால் வந்து வாசல்லை நிப்பார். உள்ளை வரமாட்டார், கதைக்கவும் மாட்டார். என்னைக் கண்டால் திரும்பிப் போவார். இஞ்சை கொட் மீனைத் தலை வெட்டி, சோடி சோடியாய் வாலிலை கட்டி, உப்பே போடாமல் மரச்சட்டத்திலை தொங்கவிடுவினம். மாசியிலை தூக்கினால் வைகாசியிலை இறக்கலாம். குளிருக்கு ஒரு இலையானும் கிட்ட வராது. உப்பில்லாத கருவாடெண்டால் அப்பு நம்பியிருக்கமாட்டார்.

வெட்டின மீன்தலையளைக் கிழவன் எனக்குத் தருவார். நீங்கள் அனுப்பின ஒடியல் மாவிலை போன ஞாயிறு கூழ் காய்ச்சினன். பயித்தங்காயும் இல்லை, நண்டும் இல்லை. செத்தல் மிளகாய்க் காரத்திலைதான் ஒப்பேத்தினது. மணம் எழும்பத்தான் அக்கா, ஏலாமல் போச்சு. வேப்பமரத்தடியிலை நீங்கள் வாத்துத் தர, பிலாவிலையைக் கோலிக்கொண்டு நாங்கள் அடிபட்டது... கூழ் தனிய இருந்து குடிக்கிற சாமானே?

சரி, அதை விடுங்கோ. பெரியவளின்ரை கலியாணப் பேச்சுக்கால் என்னவாச்சு? வளவோடை காசும் கேட்டால் உடனை ஓமெண்டிடாதேங்கோ. கிணத்தடிக் காணியை அவளின்ரை பேரிலை எழுத எனக்குச் சம்மதம். ஆனால் கிணத்துப் பங்கும் வழிவாய்க்காலும் உறுதியிலை வரவேணும். பிறகு சின்னம்மா ஆக்களோடை கிழிபட ஏலாது. நொத்தாரிசிட்டைக் காட்டாமல் அத்தான் கையெழுத்து வைக்கவேண்டாம்.

காசு இந்தமுறை கொஞ்சம் குறையும், மிச்சம் பங்குனிக்கிடையிலை வரும். அதிலை முதல் அம்மாவின்ரை கண்ணைக் காட்டுங்கோ. வேலி பிறகு அடைக்கலாம்.

அன்புத் தம்பி