அஞ்செட்டிக்குப் போன தோழிக்கு

அன்புத் தோழிக்கு,

இங்கே பென்னாகரத்தில் அனைவரும் நலம். அஞ்செட்டிக்கு உனக்கு மாற்றல் வந்ததில் எனக்கு நிறைவு. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் பேசுகிற செவிலியர் அந்த ஊர்களுக்குத் தேவை. கருத்தடை மாதிரி விஷயத்தைப் பெண்கள் வீட்டில் பேசும் பேச்சில்தான் கேட்பார்கள்.

"மாத்திரை, ஊசி, காப்பர் டி எல்லாம் இருக்கு, கேட்டு வர்றவங்கதான் இல்லை" என்று எழுதியிருந்தாய். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், திருமணமான பெண்களில் 9.4 சதவீதம் பேர் குழந்தை போதும் என்றோ, இரண்டு வருஷமாவது தள்ளிப்போகட்டும் என்றோ நினைத்தும் எந்தக் கருத்தடை முறையும் இல்லாமல் இருந்தார்கள். இது நாடு முழுமைக்குமான கணக்கு. அதே ஆய்வில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. நம் பக்கம் முதல் பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் இடைப்பட்ட வருஷங்களில்தான் பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள். "ரெண்டு பெத்துட்டு ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று வீட்டில் முடிவாகிவிடும். அதுவரை என்ன செய்யப்போகிறாய் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை.

நீ கேள். "அவரு பெங்களூர்ல வேலையில இருக்காரு, எனக்கெதுக்கு?" என்பாள். பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் அவர் வருவாரே! "இன்னும் தீட்டே வரல" என்பாள். பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம் என்பதைப் பொறுமையாகச் சொல். குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல், பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால்தான் பாலூட்டுவது பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும், பசும்பால் கொடுக்கத் தொடங்கினாலும், உடனே வேறு முறை வேண்டும்.

கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி பற்றி ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே பேசி வை. வலியில் துடிப்பவளிடம் கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள் போடலாம், தவறினால் 48 மணி நேரத்துக்குள். அதுவும் தாண்டினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். பிரசவத்தோடு போட்டது சிலருக்கு நழுவி விழும், அதனால் ஆறாம் வாரம் கட்டாயம் வரச் சொல்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியைத்தான் அதிகம் பேர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குப்பியைக் குலுக்கி, தசையில் ஆழமாகப் போட்டபின் இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஒத்தடமும் கூடாது. தேய்த்தால் மருந்து சீக்கிரம் கரைந்து, மூன்று மாதம் தாங்காது. பாலூட்டுபவளுக்குப் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துத்தான். முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாகப் படும், பிறகு பலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். இதை ஊசிக்கு முன்னால் சொல்லவில்லை என்றால், உதிரம் உள்ளே கட்டிக்கொண்டது என்று மாமியார் பயந்து அடுத்த ஊசிக்கு விடமாட்டார். கருப்பையின் உள்சவ்வு தடிப்பதில்லை, அதனால் வெளியேற உதிரமே இல்லை என்று மாமியாரையும் உட்காரவைத்துச் சொல். நிறுத்தியபின் கரு தங்க கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். சீக்கிரமே அடுத்த குழந்தை வேண்டும் என்பவளுக்கு இதைக் கொடுக்காதே.

சாயா கருத்தடை மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பாலூட்டுபவளும் சாப்பிடலாம். மாதவிலக்கின் முதல் நாள் ஞாயிறு என்றால், மூன்று மாதம் ஞாயிறும் புதனும், நாலாம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். வாரம் ஒன்றுக்கு மாறும்போதுதான் மறதி வரும். ஊர்ச் சந்தை நாளோடு சேர்த்து நினைவில் வைக்கச் சொல். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து, வாரம் இரண்டு.

ஒரு விஷயம் முக்கியம். உன் பகுதியிலிருந்து குடும்பத்தோடு கட்டட வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தராவை உரிய தேதிக்கு இரண்டு வாரம் முன்பே போடலாம், நாலு வாரம் தாமதித்தும் போடலாம். கிளம்பும் தேதியைக் கேட்டு, முடிந்தால் போகுமுன் போட்டுவிடு. ஊசிக் கார்டில் அடுத்த தேதியைப் பெரிதாக எழுதி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளச் சொல். அங்கே அரசு மருத்துவமனையில் அதைக் காட்டினால் பேச்சில்லாமலே புரியும்.

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனான தழும்பில்லா வாசக்டமியைப் பற்றி அங்கே ஆண்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுது. அடுத்த கடிதத்தில் அதைப் பேசுவோம்.

அன்புடன்,
உன் தோழி