குத்தாலம் ஐந்தருவி ரோட்டு லாட்ஜ்ல இருந்து நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். சாரல் விழ ஆரம்பிச்சாலே "அண்ணாச்சி, தண்ணி வருதா?"ன்னு போன் போட்டுட்டு குடும்பத்தோட கிளம்பி வர்ற உங்களுக்குத்தான் இதை எழுதுறேன். புதுசா நம்பர் வாங்குனவங்களும் படிங்க, தப்பில்ல.

கொஞ்ச நாளா ஒரு வாய்ஸ் மெசேஜ் குரூப் குரூப்பா சுத்திக்கிட்டு இருக்கு, உங்கள்ல நெறைய பேரு எனக்கே அதை அனுப்பி "இது நம்ம லாட்ஜா அண்ணாச்சி?"ன்னு கேட்டுட்டீங்க. ஆமா, நம்ம லாட்ஜ்தான். பேசுனவங்க யாருன்னு தெரியும், பேரு சொல்ல மாட்டேன், அவங்களும் காசு குடுத்து தங்குனவங்கதான். அதுல மூணு குறை சொல்றாங்க. அருவில குளிக்க தடைன்னு தெரிஞ்சும் மறைச்சு ரூம் குடுத்துட்டோமாம், அருவிக்கு பக்கம்னு பொய் சொன்னோமாம், பெட்ஷீட்ல ஈர வாடை அடிச்சுதாம். பின்னாடி உள்ள ரெண்டையும் கேட்டுக்கலாம், லாட்ஜ்னு இருந்தா நாலு பேரு நாலு விதமா சொல்லத்தான் செய்வாங்க. ஆனா அந்த "தெரிஞ்சும் மறைச்சு"ன்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் மனசுல முள்ளு மாதிரி நிக்குது.

குத்தாலத்துல தண்ணி எப்படி வரும்னு பழைய ஆளுங்களுக்கு தெரியும். கீழ பளிச்னு வெயில் அடிக்கும், ரோட்டுல நேந்திரம் சிப்ஸ் பொரிச்சுக்கிட்டு இருப்பாங்க, மேல மலையில கொட்டு கொட்டுன்னு கொட்டிக்கிட்டு இருக்கும், கீழ இருக்குற நமக்கு அது தெரியவே தெரியாது. சிற்றாறு மேல செண்பகாதேவி அருவியெல்லாம் தாண்டி வந்து மெயின் அருவியில விழுறதுக்கு முன்னாடி பாறை நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளத்துல விழுந்து வேகம் குறைஞ்சுதான் கீழ வருது, அதனாலதான் அவ்வளவு ஒசரத்துல இருந்து விழுற தண்ணில நாம தலைய குடுத்து நிக்க முடியுது. அந்த பள்ளத்துக்கும் அடங்காம தண்ணி வந்துச்சுன்னா மெயின் அருவியில கட்டியிருக்குற ஆர்ச்சைத் தாண்டி விழும், கல்லு, மரக்கட்டை எல்லாம் சேர்ந்து வரும். அப்போ போலீஸ் விசில் அடிச்சு எல்லாரையும் வெளிய ஏத்திருவாங்க. அந்த தடை ரெண்டு மணி நேரத்துலயும் எடுப்பாங்க, ரெண்டு நாளும் நீடிக்கும். லாட்ஜ்காரன்கிட்ட கேட்டுக்கிட்டு யாரும் தடை போடுறதும் இல்ல, எடுக்குறதும் இல்ல.

அந்த வாய்ஸ் மெசேஜ் போட்டவங்க காலையில போன் பண்ணப்போ ஐந்தருவியில ஜனம் குளிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, அதைத்தான் சொன்னேன். அவங்க வந்து எறங்கும்போது தடை. மறுநாள் மதியத்துக்கு மேல தடைய எடுத்துட்டாங்க, அதுக்குள்ள அவங்க கோவமா காலி பண்ணிட்டு போயிட்டாங்க. இதுல நான் எதை மறைச்சேன்னு நீங்களே சொல்லுங்க.

2024 மே 17-ந் தேதி பழைய குத்தாலம் அருவியில நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், சீசனே ஆரம்பிக்கல, கோடை மழைக்கு திடீர்னு வெள்ளம் வந்து 17 வயசு பையன் ஒருத்தன் அடிச்சுட்டு போயிட்டான். தடை போட்டா நமக்கு ரூம் கேன்சல் ஆகும், ஆகட்டும், புள்ளைங்க உயிர விடவா ஒரு நாள் வாடகை பெருசு? தடை உள்ள அன்னைக்கு கெளம்பப்போறோம்னு சொன்ன வேன் பார்ட்டியவே அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லி நிறுத்திருக்கேன், அவங்க இந்த குரூப்லதான் இருக்காங்க, கேட்டுப் பாருங்க.

அடுத்து, அருவிக்கு பக்கம்ங்குறது. எந்த அருவிக்கு? நம்ம இடம் ஐந்தருவி ரோட்டுல இருக்கு, ஐந்தருவிக்கு நடந்தே போயிரலாம். மெயின் அருவிக்கு ஆட்டோவோ காரோ வேணும், அங்க இருந்து ஐந்தருவிக்கே நாலஞ்சு கிலோமீட்டர் இருக்கே. ஆன்லைன்ல "குற்றாலம் அருவி அருகில்"னு ரூம் புக்கிங் சைட்டுக்காரங்களா போட்டுக்குறாங்க, குத்தாலத்துல உள்ள எல்லா லாட்ஜும் அதுல அருவி அருகில்தான், சில நேரம் தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்குற லாட்ஜும் அருவி அருகில்தான்.

அதனால எங்க தங்கலாம்னு கேட்டா நான் சொல்றது இதுதான், நம்ம ரூமுக்கு ஆள் குறைஞ்சாலும் பரவாயில்ல. வயசானவங்கள கூட்டிட்டு வர்றீங்க, கோயில் தரிசனமும் முக்கியம்னா மெயின் அருவி பக்கமே ரூம் போடுங்க, குற்றாலநாதர் கோயில் அருவியை ஒட்டியே இருக்கு, சித்திர சபையும் பாத்துரலாம், தடை இல்லாத நாள்ல ராத்திரி கூட்டம் குறைஞ்சதும் எந்திரிச்சுப் போய் குளிச்சுட்டு வந்து படுக்கலாம். ஆனா சனி ஞாயிறு அங்க வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, ராத்திரி வெகு நேரம் வரைக்கும் கடைச் சத்தமும் மைக் சத்தமும் கேட்டுக்கிட்டே இருக்கும், தூக்கம் வராதுன்னு சொல்றவங்களுக்கு ஆகாது. கைக்குழந்தை இருக்கு, அமைதியா இருக்கணும்னா நம்ம ரோட்டுப் பக்கமோ இலஞ்சிப் பக்கமோ பாருங்க. பொதிகை, சிலம்பு ரயில்ல வந்து ஒரு நாள் குளிச்சுட்டு கெளம்புறவங்க தென்காசியிலயே தங்கிக்கலாம், வாடகையும் கம்மி, அஞ்சாறு கிலோமீட்டர்தான், பஸ் இருந்துக்கிட்டே இருக்கும். பழைய குத்தாலம்தான் பிடிக்கும்னு சொல்றவங்க அந்தப் பக்கமே தங்குனா நல்லது, சீசன் ஞாயித்துக்கிழமை இந்தப் பக்கம் இருந்து அங்க போய்ச் சேர்றதுக்குள்ள டிராபிக்லயே குளிச்ச மாதிரி வேர்த்துரும். எங்க தங்குனாலும் ஜன்னலை சாத்திட்டு போங்க, குரங்கு எந்த லாட்ஜையும் விட்டு வைக்கிறதில்ல.

பெட்ஷீட் விஷயம். ஜூன் கடைசியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் இங்க வெயில் மூஞ்சியக் காட்டுறதே அபூர்வம், நீங்க வர்றதே அந்தச் சாரலுக்குத்தான், அதே சாரல்ல துவைச்ச துணி எப்படிங்க காயும்? அழுக்கு வேற, ஈர வாடை வேற. இப்போ தென்காசியில மெஷின்ல காய வச்சுக் குடுக்குற இடத்துக்கு மொத்தமா அனுப்புறோம், அதுக்கு தனியா செலவு ஆகுது.

அப்புறம் நம்ம சமையல் மாஸ்டர். அவரு கை தக்காளி சட்னிக்குன்னே ரூம் போட்டவங்க உண்டு. இப்போ சொந்தமா கடை போட்டுட்டாரு, நல்லா இருக்கட்டும். அவர் கூடவே உதவிக்கு நின்ன பையனும் போயிட்டான். அதனால இனிமே காலை டிபன் மட்டும்தான், ராத்திரிக்கு சமையல் கிடையாது. எப்படியும் நீங்க எல்லாரும் செங்கோட்டை பக்கத்துல உள்ள பிரானூர் பார்டருக்கு புரோட்டா சாப்பிட வண்டிய எடுத்துக்கிட்டு போறவங்கதானே.

ரூமுக்கு ஜிஎஸ்டி வரி குறைஞ்சுருச்சே, வாடகைய குறைக்க மாட்டீங்களான்னு கேட்டவங்களுக்கும் சொல்லிடுறேன். ஆயிரத்துக்கு கீழ உள்ள ரூமுக்கு வரியே இல்லாம இருந்துச்சு, 2022 ஜூலையில 12 சதவீதம் போட்டாங்க, 2025 செப்டம்பர்ல அதை 5 ஆக்குனாங்க, சரி. ஆனா முன்னாடி நாங்க சாமான் வாங்கும்போது கட்டுற வரியை கழிச்சுக்கலாம், இப்போ கழிக்க முடியாது, பெயின்ட் வாங்குனாலும் ஹீட்டர் வாங்குனாலும் அந்த வரி எங்க தலையிலதான். இதுக்கு மேல கரண்ட் பில்லு, சிலிண்டர், ஆள் சம்பளம் எல்லாம் உங்க வீட்டுலயும் ஏறித்தான் இருக்கும், அதனால டபுள் ரூம் சீசன் சனி ஞாயிறுல மட்டும் 300 ரூபாய் கூடுது, 24 மணி நேர செக் அவுட் இனிமே காலை 11 மணின்னு மாறுது, மத்தபடி எல்லாம் பழைய மாதிரியேதான், வெந்நீர் காலையில எப்பவும் போல வரும், டிரைவருக்கு படுக்க இடம் அதே மாதிரி இலவசம்.

தடை போட்டு வர முடியாமப் போனா அட்வான்ஸை திருப்பிக் கேக்காதீங்க, வேற தேதிக்கு மாத்தித் தர்றேன், இதை இதுவரைக்கும் மாத்திக்கிட்டு வந்தவங்க யாரும் குறை சொன்னதில்ல.

அந்த வாய்ஸ் மெசேஜை கேட்டதும் கேட்காததுமா அதே குரூப்புல "நாங்க வருஷா வருஷம் அங்கதான் தங்குறோம், அப்படிப்பட்ட ஆளு இல்ல"ன்னு பதில் போட்ட மதுரை அக்காவுக்கும், ராஜபாளையத்து மாமாவுக்கும், அவங்க சம்பந்தி வீட்டுக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல. நீங்க சின்னப் புள்ளையா வந்து இந்த வராந்தாவுல ஈரத் துணி காயப் போட்டு இப்போ உங்க புள்ளைங்கள கூட்டிட்டு வர்றீங்க, உங்களை நம்பித்தான் இந்த லாட்ஜே ஓடுது.

இனிமே ரூமுக்கு கூப்பிடும்போது எத்தனை பேரு, படி ஏற முடியாதவங்க யாராச்சும் உண்டா, வர்றது காரா வேனா, எந்த அருவியில அதிகமா குளிக்கணும், இதை மட்டும் மொதல்லயே சொல்லிருங்க. கெளம்புற அன்னைக்கு காலையில ஒரு தடவையும், பஸ்ஸோ வண்டியோ சங்கரன்கோவிலோ கடையநல்லூரோ தாண்டும்போது இன்னொரு தடவையும் போன் போடுங்க. அந்த நேரத்துல அருவி எப்படி இருக்கோ அதை அப்படியே சொல்றேன். மதியம் 2 மணியில இருந்து 4 மணி வரைக்கும் மட்டும் நான் எடுக்க மாட்டேன், தம்பி எடுப்பான்.

இப்படிக்கு,
உங்க ஐந்தருவி ரோடு லாட்ஜ்காரன்