ஸ்டார் கட்டவேண்டாம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். கிணற்று மோட்டார் ஓடுகிறது. அம்மாவுக்குச் சுகர் பரவாயில்லை.

நீ போனில் "நல்லா இருக்கேம்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். சரி. கோவிலுக்குப் போனாயா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ராத்திரி சாப்பிடுகிறாயா? சின்னவன் ஏதோ சொன்னான், அதனால்தான்.

மாப்பிள்ளை போனபிறகு பென்ஷன் பேப்பரெல்லாம் நீயே அலைந்து முடித்தாயாம், பெரியத்தை சொன்னாள். பெருமைதான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நான் வந்திருக்கமாட்டேனா?

வேதத்தில் 1 இராஜாக்கள் 19 எடுத்துப் பார். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்றான். கர்த்தர் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சொன்னது, எழுந்து சாப்பிடு என்பதுதான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். தின்றுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான். இரண்டாம் தரமும் சாப்பாடுதான். பேச்செல்லாம் ஓரேப் மலையில், 40 நாள் நடந்த பிறகு. ஆகவே கஞ்சியாவது குடி. இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை என்றால் டாக்டரைப் பார். மாத்திரை போட்டால் விசுவாசம் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

தினம் மூன்று அதிகாரம் என்கிற பழைய அட்டவணையை விட்டுவிடு. துக்கத்தில் அது நிற்காது. நாலு நாள் விட்டுப்போனால் மனசு குத்தும், அப்புறம் வேதத்தையே தொடமாட்டாய். 13ஆம் சங்கீதம் போதும், ஆறே வசனம், ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் வாய்விட்டு வாசி. மனசுக்குள் வாசித்தால் கண்தான் ஓடும். முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" நாலு தரம் வருகிறது. தாவீது தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. கடைசி இரண்டு வசனம் நம்பிக்கைக்குத் திரும்பும். அது வாயில் வரவில்லையானால் நாலாம் வசனத்தோடு மூடிவை, பொய்யாகச் சொல்லவேண்டாம். கடைசிவரை திரும்பாத சங்கீதமும் உண்டு, 88. சிநேகிதனும் தோழனும் தூரப்போனார்கள் என்பதோடு, ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் நின்றுவிடும். அதைப் பகலில் வாசி, ராத்திரி தனியாக வேண்டாம்.

வருகிறவர்கள் ரோமர் 8:28 சொல்லுவார்கள், சகலமும் நன்மைக்கு ஏதுவாக என்று. "ஜெபிச்சுக்கோங்க" என்று முடித்துவிடு. அதே நிருபத்தில் 12:15இல் அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று இருக்கிறது, அது யாருக்கும் ஞாபகம் வராது. பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், திறந்ததும்தான் கெட்டது. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது யோபு தன் வாயால் சொன்னது. வேறொருவர் வந்து அவன் காதில் ஓதினதல்ல.

உன் காதில் ஓதினது நான்தான். பெட்டியை மூடும்போது, "உபதேசியார் வீட்டுப் பிள்ளை, அழாதே, சாட்சியா நில்லு" என்றேன். சுற்றி நின்ற ஜனத்தைத்தான் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. செத்துப்போன சிநேகிதன் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். அந்த வசனத்தை வைத்து எத்தனை அடக்க ஆராதனை நடத்தியிருப்பேன்! சொந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டேன். நீயும் சொன்னபடி நின்றாய். அதற்குப் பிறகாவது அழுதாயா மகளே?

டிசம்பர் வருகிறது. இந்த வருஷம் வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டவேண்டாம். வீடு வீடாகப் பாடிவருகிற கேரல் ரவுண்ட்ஸ்காரர்களிடம் முன்னாலேயே சொல்லிவை, ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். சொல்லாவிட்டால் நடுராத்திரி வாசலில் டிரம் அடிப்பார்கள். கோவிலுக்குப் போகத் தோன்றினால், நான் கேட்கவில்லை, தோன்றினால், கடைசி பெஞ்சில் பக்கவாசலை ஒட்டி உட்கார். பிரசங்கத்தில் உடையாது, பாட்டில்தான் உடையும். எழுந்து வெளியே போக வழி இருக்கவேண்டும். மாப்பிள்ளை நின்ற பாடகர் வரிசை கண்ணில் படாத பக்கமாகப் பார்த்துக்கொள். அதிகாலை நற்கருணைக்குக் கூட்டம் குறைவு.

அம்மா எள்ளுப்பொடியும் கருப்பட்டியும் கட்டி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை சின்னவன் கொண்டுவருவான். அவன் முன்னால் உட்கார்ந்து சாப்பிடு, அவன் எனக்குச் சொல்லுவான்.

அப்பா