கிரீஸ் அடிக்காதே மாப்ளே!

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

மாப்ளே,

போனில் சொன்னால் "சரிடா சரிடா" என்று கேட்டுவிட்டு அடுத்த டீக்குள் மறந்துவிடுவாய். அதனால்தான் காகிதம். இதைத் தங்கச்சி கையில் கொடு, அவள் படித்தால் உன்னை விடமாட்டாள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி, வழக்கம்போல. சோடாபுட்டி ரிட்டயர் ஆகிவிட்டான். இன்னமும் கணக்குப் பார்த்துத்தான் டீ வாங்கித் தருகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பையன் கல்யாணம் முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையை உன் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் உட்கார வைத்துத் திருச்செந்தூர் வரை நீயே ஓட்டிப்போகப் போவதாகத் தொப்பை சொன்னான். ரொம்ப சந்தோஷம். ஆனால் முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் பார்க்காமல் அந்த வண்டியை வாசலைத் தாண்டி எடுக்காதே.

போன மழைக்கு அப்புறம் என் ஹெரால்டில் ஸ்டீயரிங் இறுகிக்கொண்டே வந்தது. 25 அடிக்குள் வட்டமடிக்கும் என்று நாம் காலேஜ் முழுக்கப் பீற்றிக்கொண்ட வண்டி! வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை, கையால் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. இங்கே ஒர்க்‌ஷாப் பசங்களிடம் காட்டினால், பானட்டை முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்ததும் செல்ஃபி எடுக்கிறார்களே தவிர வேலைக்கு ஆகவில்லை. நானே ஜாக்கி போட்டு, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து இறங்கிவிட்டேன்.

நீ வண்டியைத் துடைப்பதோடு சரி என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் நிற்கும் கம்பி இருக்கிறதே, அதற்கு மேலே பால் ஜாயின்ட். கீழே பால் ஜாயின்ட் கிடையாது. கம்பியின் அடிமுனையில் மரை வெட்டி, அதை ஒரு கன்மெட்டல் (வெண்கல வகை) துண்டுக்குள் திருகி விட்டிருக்கிறான். அதுதான் டிரனியன். நீ ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த இரும்பு மரை கன்மெட்டலுக்குள் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு வந்தபோது இருந்த அதே அமைப்புதான் நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும். ஊரில் எல்லோரும் பின்பக்க ஆக்ஸிலைத்தான் குறை சொல்வார்கள். ஹெரால்டுக்கு அடுத்த மாடலாகக் கெஸல் வந்தபோது அதை மாற்றியும் விட்டார்கள். முன்பக்கத்தை ஒருத்தனும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது முன்பக்கம்தான்.

அந்த மரைக்கு 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும் என்றுதான் கம்பெனி சொன்னது. ஆனால் கிரீஸ் கன் மாட்டுகிற மாதிரி ஒரு இடம் தெரிந்தால் நம்மாட்கள் சும்மா இருப்பார்களா? சர்வீஸ் ஸ்டேஷனில் வருஷாவருஷம் கிரீஸை ஏற்றியிருக்கிறார்கள். மரைக்கு நடுவில் இருக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. கிரீஸ் காய்ந்துபோய் வழியை அடைத்துக்கொள்ளும். அடியில் தங்குவது மழைத்தண்ணீர் மட்டும்தான். கழற்றியபோது உள்ளே இருந்தது கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு வஸ்து.

கழற்றினதே பெரிய கூத்து. டிரனியனைக் கீழ்க்கையோடு பிடிக்கும் நீள போல்ட், உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு துரு பிடித்து ஒன்றாகியிருந்தது. துரு ஸ்ப்ரே அடித்து ஊறவைத்து, நட்டை போல்ட் முனைக்குச் சமமாகத் திருப்பி மாட்டி அதன்மேல் தட்டினேன். நேராகத் தட்டினால் போல்ட் முனை பூப்பூத்துவிடும், அப்புறம் ஹாக்சாதான் கதி. சக்கரம் மாட்டுகிற ஹப்பைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன், இல்லையென்றால் பிரேக் ஹோஸ் இழுபடும்.

பிறகு டிரனியனைத் திருகிக் கழற்ற வேண்டும். முரட்டுத்தனம் கூடவே கூடாது. வைஸில் அலுமினியத் தகடு வைத்துக் கம்பியைப் பிடித்து, கன்மெட்டலை மட்டும் இதமாகச் சூடுபண்ணினேன். இரும்பைவிடக் கன்மெட்டல் ஒன்றரை மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். கொஞ்சம் கழற்று, பாதி திருப்பு, ஆயில் விடு, மறுபடி கொஞ்சம். இன்னொன்று: வலதுபக்கம் வலது மரை, இடதுபக்கம் இடது மரை. தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் கொடுத்தால் இறுகிக்கொண்டே போகும்.

இப்போதுதான் கவனி. கழற்றிய கம்பிகளை மண்ணெண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் சுத்தமாகத் துடைத்துவிட்டு மரைமேல் சாக்பீஸ் பொடி தூவினேன். வலது கம்பி வெள்ளையாகவே இருந்தது. இடது கம்பியில், மரை முடியும் மேல்விளிம்பை ஒட்டி, தலைமுடி கனத்தில் ஒரு ஈரக்கோடு மெல்லப் பொடிமேல் வந்தது. வெடிப்புக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் அது. கையெல்லாம் ஜில்லிட்டுவிட்டது மாப்ளே. ஹெரால்டில் இது முறிகிற இடமும் அதுதான். முறிந்தால் சக்கரம் கீழே மடிந்து, வண்டி மூக்கால் ரோட்டைத் தேய்க்கும். பார்க்கிங்கில் நடந்தால் சிரிக்கலாம். பேத்தியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போனது எனக்குத்தானே தெரியும்!

லேத்துக்காரர் "வெல்டு வெச்சு மரை வெட்டித் தர்றேன் சார், புதுசு மாதிரி இருக்கும்" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். மொத்தப் பாரமும் உட்காருகிற இடத்தில் வெல்டிங்கா? சென்னை புதுப்பேட்டையில் அலைந்து, பழசுதான் என்றாலும் மரை தேயாத ஒரு ஜோடி வாங்கி, அதையும் சாக்பீஸ் பொடியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன்.

மாட்டும்போது முதலில் ரப்பர் சீல். மறந்தால் மறுபடி எல்லாம் கழற்ற வேண்டும். மரையில் ஆயில் விட்டு, டிரனியனைக் கடைசிவரை திருகி, பிறகு போல்ட் ஓட்டை நேர்ப்படும் அளவு மட்டும் பின்னால் எடு, ஒரு சுற்றுக்கு மேல் போகாதே. இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார், எங்கும் முட்டக் கூடாது. போல்ட்டுக்கு மட்டும் தாராளமாகக் கிரீஸ் தடவு, அடுத்த முறை கழற்றுகிறவன் உன்னை வாழ்த்துவான். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகு முடுக்கு. பழைய கிரீஸ் கன்னைக் கழுவி, 90 நம்பர் ஆயில் நிரப்பி, மேலே கசியும்வரை அடி. தரையில் சொட்டு விழுந்தால் தங்கச்சி திட்டுவாள், வாங்கிக்கொள்.

என் வண்டி உள்ளூர் மழையில் நனைந்தது. உன்னுடையது தூத்துக்குடி உப்புக்காற்றில், ரொம்ப வருஷமாக, அதே கிரீஸோடு நிற்கிறது. நீயே கழற்றுகிற வேலை வேண்டாம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாக நான் வருகிறேன். ஸ்பேனர் எல்லாம் நம்மூர் மில்லிமீட்டர் கணக்கு ஒத்துவராது, என் இஞ்ச் செட்டையே கொண்டுவருகிறேன். நீ மண்ணெண்ணெய்க்கும் சாக்பீஸுக்கும் மட்டும் ஏற்பாடு பண்ணு. கோடு தெரிந்தால் பையனும் மருமகளும் டாக்சியில் போகட்டும், ரோஷப்படாதே.

மெக்ரூன் இரண்டு கிலோ எடுத்து வை. தொப்பை வந்தால் மூன்று.

உன்
மச்சான்

பி.கு: ஊர்வலத்துக்கு மட்டும் மெதுவாக எடுக்கிறேன் என்று சமாதானம் சொல்லாதே. பெரும்பாலும் முழுசாகத் திருப்பும்போதுதான் அது முறியும், மெதுவாகப் போனாலும் முறியும்.