ஜிம் படங்களுக்கு நடுவே மாடிப்படிப் படம் ஒன்றும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் உடற்பயிற்சிக்கென்று நீங்கள் ஒதுக்கும் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். எழுதுகிற விஷயம் நன்றாகத்தான் இருக்கிறது. படம்தான் எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரி: ஏசி அறை, சுவர் நிறையக் கண்ணாடி, இரும்பு அடுக்கு, இருபத்தைந்து வயது. போன வாரம் ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். அதற்கும் அதே பெண்தான் டம்பெல் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்கு 61 வயது. கோபிசெட்டிபாளையத்தில் 38 வருஷமாகத் துணி தைக்கிறேன். இரும்பு எதையும் தூக்காமல் வீட்டிலேயே இரண்டு வருஷமாக நான் செய்துவருவதை உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

நானும் முதலில் ஜிம்முக்குத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. சர்க்கரை வந்த பிறகு டாக்டர், "நடந்தால் மட்டும் போதாதும்மா, தசைக்கும் வேலை கொடுங்க" என்றார். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை வேலை செய்கிற தசை இழுத்துக்கொள்ளுமாம். வயது ஏற ஏற, சும்மா விட்ட தசை கரைந்துகொண்டே போகுமாம். சரி என்று பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த பெண்கள் ஜிம்மில் ஆறு மாதத்துக்கு 4,500 ரூபாயை மொத்தமாகக் கட்டினேன். லைனிங் வைத்த ஜாக்கெட் பதினைந்து தைத்தால் வருகிற கூலி அது. ஏழாவது வாரம் போனால் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது, போர்டைக் கழற்றியாயிற்று, போனை எடுக்க ஆளில்லை. பணம் போனது போனதுதான். அந்த ஆறு வாரத்தில் சொல்லிக் கொடுத்ததில் பாதிக்கு அங்கிருந்த எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை என்பது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது.

இன்னொன்றும் யோசித்தேன். நான் ஏன் இப்படித் தளர்ந்தேன்? எங்கள் அம்மா கிணற்றில் தண்ணீர் சேந்தி, ஆட்டாங்கல்லில் மாவாட்டி, எழுபது வயதிலும் கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்தவர். எங்கள் வீட்டில் முதலில் கிணற்றுக்கு மோட்டார் வந்தது, அப்புறம் கிரைண்டர் வந்தது. கடைசியில் 2009இல் என் மிதி மிஷினுக்கும் மோட்டார் மாட்டினேன். வேலை இரட்டிப்பானது. அதுவரை நாள் முழுக்க மிதித்த கால், அன்றோடு பெடலில் நுனி விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மோட்டாரைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் தீபாவளி ஆர்டரை முடிக்கவே முடியாது.

ஆகவே காலில் இருந்துதான் ஆரம்பித்தேன். கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. என் வயதுப் பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் கால் பலம் குறைவு என்று கணக்கு. எனக்கு எட்டுதான் வந்தது, அதிலும் கடைசி இரண்டில் முட்டி நறநறவென்றது. அதனால் நாற்காலிமேல் மடித்த துணிகளை உயரமாக அடுக்கி, அதிலிருந்து எழுந்து பழகினேன். வாரத்துக்கு ஒன்றிரண்டு துணியை எடுத்துவிடுவேன். உயரம் தானாக இறங்கியது, முட்டி அதைக் கவனிக்கவே இல்லை. நாலு மாதத்தில் நாற்காலியே இல்லாமல் பஸ்கி வந்துவிட்டது. இருபது பஸ்கி சாதாரணமானதும் ஒற்றைக் காலுக்கு மாறினேன். மாடிப்படியில் ஒரு காலை வைத்து, கீழே இருக்கும் கால் உந்தாமல் மேலே ஏற வேண்டும். செய்து பாருங்கள், கீழ்க்கால் எவ்வளவு திருட்டுத்தனம் பண்ணுகிறது என்று தெரியும். இப்போது அந்த நாற்காலிச் சோதனையில் பதினைந்து வருகிறது.

தண்டால் என்றால் ஆண்பிள்ளை சமாச்சாரம் என்றே வளர்ந்தவள் நான். தம்பி தேகப்பயிற்சி சாலைக்குப் போவான், நான் அவன் துண்டைத் துவைப்பேன். சுவரில் கை ஊன்றித்தான் தொடங்கினேன். அப்புறம் கட்டில் விளிம்பு, அப்புறம் மாடிப்படி. கை எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பாரம் கூடும் என்று ஜிம்மில் சொன்னார்கள். எனக்கு அளந்து பார்க்காமல் நம்பிக்கை வராது, தொழில் அப்படி. தம்பி கடையிலிருந்து எடை மிஷினை வாங்கிவந்து, அதன்மேல் பலகையைப் போட்டுக் கை ஊன்றிப் பார்த்தேன். என் எடை 62 கிலோ. மூன்றாவது படியில் வைத்தபோது முள் 27இல் நின்றது. தரையில் வைத்து முட்டி ஊன்றியபோது 30. காலை நீட்டி முழுத் தண்டால் நிலையில் நின்றால் 40ஐத் தொட்டது. அதாவது உடம்பில் மூன்றில் இரண்டு பங்கு. எந்த ஜிம்மில் 61 வயதுக்காரியிடம் நாற்பது கிலோவைக் கொடுத்துத் தள்ளச் சொல்வார்கள்? முழுத் தண்டால் இன்றைக்கும் எனக்கு நாலுதான் வரும். மூன்றாவது படியில் பன்னிரண்டு எடுப்பேன்.

தள்ளுவதற்குத் தரை இருக்கிறது, இழுப்பதற்குத்தான் வீட்டில் வழி குறைவு. கிணறு போனதில் பெரிய நஷ்டம் முதுகுக்குத்தான். பழைய நூல்சேலை ஒன்றைச் சுவரில் பதித்த ஜன்னல் கம்பியில் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து, உடம்பைக் கம்பிப் பக்கம் இழுக்கிறேன். கம்பி ஆடுகிறதா என்று முதலில் ஆட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாலியஸ்டர் சேலை வேண்டாம், கையில் வழுக்கும்.

தப்பும் செய்திருக்கிறேன். மூன்றாம் மாதத்திலேயே முழுத் தண்டாலுக்கு ஆசைப்பட்டு மணிக்கட்டு பிசகிவிட்டது. பத்து நாள் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் இரண்டு கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியதில் ஒருநாள் கண் இருட்டியது. எழும்போது மூச்சை விட வேண்டும், அதுவும் என்னைப்போல் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் மறக்கவே கூடாது. சேலையோடு பஸ்கி எடுத்துக் கொசுவத்தை மிதித்து உட்கார்ந்த கதையை எழுதப்போவதில்லை. இப்போதெல்லாம் நைட்டிதான்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருஷத்தில் டேப் என் விஷயத்தில் ஒன்றுமே காட்டவில்லை. கைச்சுற்று அன்றைக்கும் 13 இன்ச், இன்றைக்கும் 13 இன்ச். டேப் பொய் சொல்லாது என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. ஆனால் முன்பு இரண்டு கையாலும் இழுத்துத் தூக்கிய துணி மூட்டையை இப்போது ஒரு கையால் தூக்கி மேஜையில் வைக்கிறேன். வருஷாவருஷம் அளவுக்கு வரும் பெண்களின் ஜாக்கெட் கையைப் பெரிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறேன், அதே பெண்கள்தான் ஸ்டூலிலிருந்து எழ என் தோளைப் பிடிக்கிறார்கள். "என்னங்க அக்கா, பயில்வான் ஆகப்போறீங்களா?" என்று முதலில் சிரித்தவர்களில் மூன்று பேர் இப்போது அளவு கொடுக்க வரும்போது நாற்காலிச் சோதனை செய்துவிட்டுத்தான் போகிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைக் கணக்கு (HbA1c) எனக்கு 7.4லிருந்து 6.8க்கு வந்திருக்கிறது. இரவுச் சோற்றைக் குறைத்ததும், மாத்திரையை விடாமல் போட்டதும், புரோட்டீன் பவுடர் டப்பா வாங்காமல் கொள்ளுப் பருப்பும் முட்டையும் சேர்த்ததும் அதில் உண்டு. எல்லாப் பெருமையையும் பஸ்கிக்கே எழுதிவைக்க மாட்டேன்.

ஜிம்மே வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. என் அண்ணன் மகன் போகிறான், நூறு கிலோ தூக்குகிறான், அதற்கு வீட்டுப் படி போதாது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. 65ஐத் தாண்டியவர்களுக்குத் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் சேர்த்து மூன்று நாள். திங்கள், புதன், வெள்ளி இருபது நிமிஷத்தில் இது எனக்கு முடிந்துவிடுகிறது.

இன்னொரு யோசனையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் சகோதரிகள் பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். வந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு முப்பது விநாடி எண்ணினால் யாருக்குக் கால் தளர்கிறது என்று விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஜிம் விளம்பரம் வராது, அந்தச் சகோதரிதான் வருவார். இதை உங்கள் பத்திரிகை எழுதினால் நாலு அதிகாரிகள் கண்ணில் படும்.

உங்களிடம் நேரடியாகக் கேட்பது ஒரே ஒரு படம். நைட்டியோ சேலையோ, நரைத்த தலை, மாடிப்படியில் கை ஊன்றி ஒரு தண்டால். ஆள் கிடைக்கவில்லையென்றால் புகைப்படக்காரரை இங்கே அனுப்புங்கள். காலை ஆறரைக்கு மூன்றாவது படியில் இருப்பேன். ஏழு மணிக்கு மேல் வந்தால் மிஷினில் உட்கார்ந்துவிடுவேன், அப்புறம் எழ மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
கோபிசெட்டிபாளையம்.