பேத்தியின் கொப்புளமும் சம்பந்தி அம்மாவும்

கொக்குவில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வதனி,

பேத்தி பிறந்த சந்தோசத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, சம்பந்தி அம்மாவோடு படும் பாட்டை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய்! வீடு வந்து நாலாம் நாள் பிள்ளையின் கவட்டிலும் தொப்புளைச் சுற்றியும் சீழ்க் கொப்புளம். மகள் ஒழுங்காகப் பத்தியம் காக்காததுதான் காரணமாம். இத்தனை வருசம் தாதியாக நின்றவள் சொல்கிறேன், பத்தியக்கறிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பெரும்பாலும் அது ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற கிருமியின் வேலை. வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் மூக்கில் அது சும்மா குடியிருக்கும். பிறந்த பிள்ளையின் தோல் மெல்லியது, தொப்புளும் காய்ந்திருக்காது. ஒரு பிள்ளையைத் தூக்கிய கை கழுவாமல் அடுத்த பிள்ளையிடம் போனால் போதும்.

ஆஸ்பத்திரியில் தொற்றியதா, வீட்டிலா என்று கேட்டிருந்தாய். ஒரு பிள்ளையை மட்டும் வைத்துச் சொல்ல ஏலாது. கிருமி தோலில் ஏறிச் சில நாள் கழித்துத்தான் கொப்புளம் போடும். அதற்குள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், விடுதியில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆகவே வீடு போன பிள்ளைகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். குடும்பநல மாது வீடு தேடி வருவதன் அருமை இதில்தான் தெரியும். அவவிடம் மறைக்காமல் காட்டச் சொல்லு. அதே கிழமை அதே விடுதியில் பிறந்த வேறு பிள்ளைகளுக்கும் இருந்தால், எந்தக் கட்டில், யார் குளிப்பாட்டினது, எந்த நேர வேலை என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போகும்போது வழி மெல்லப் பிடிபடும்.

இப்போது கிருமியின் மரபணுவையே வாசிக்கிறார்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ரோஸி ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் மருந்துக்கு அடங்காத இதே கிருமி பரவியது. 64 நாள் ஓய்ந்திருந்து திரும்ப ஒரு பிள்ளையில் வந்தபோது, பழைய கிருமிதான் என்று மரபணு காட்டிக்கொடுத்தது. ஊழியர்களைச் சோதித்ததில் ஒருவர், தனக்கே தெரியாமல், அதைச் சுமந்திருந்தார். 2012இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அதை வாசித்தபோது எனக்கு வேறொரு முகம் நினைவுக்கு வந்தது. நான் முன்பு நின்ற ஓரிடத்தில் மூக்குச் சோதனையில் கிருமி வந்த ஒரு சின்னத் தாதியை எல்லோரும் குற்றவாளி போலப் பார்த்தார்கள். பிள்ளைகளிடமிருந்து அவளுக்குத் தொற்றியிருக்கலாமே என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் மகளுக்கு வீட்டில் நடப்பதும் அதுதான்.

சரி, சம்பந்தி பூசச் சொல்லும் மஞ்சளும் பவுடரும் வேண்டாம். ஒரு காலத்தில் இந்தத் தொற்றைத் தடுக்க ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிக்கொல்லி மருந்து போட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். கிருமி குறைந்தது உண்மை. ஆனால் அது தோலால் உள்ளே போய் மூளையைத் தாக்கும். 1972இல் பிரான்சில் தவறுதலாக அது அளவுக்கு மிஞ்சிக் கலந்த பவுடரால் 36 பிள்ளைகள் செத்தார்கள். தொப்புளை ஈரமில்லாமல் வைத்திருந்தால் போதும். கொப்புளத்தை உடைக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சல், பால் குடிக்காமை, தொப்புளைச் சுற்றிச் சிவப்புப் படர்தல், சுடுதண்ணீர் பட்டதுபோல் தோல் உரிதல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் பாடு பரவாயில்லை, முழங்கால்தான் படி ஏற விடுகுதில்லை. பேர் வைத்தாயிற்றா? அதைக்கூட எழுதவில்லையே நீ!

அன்புடன்,
ராணி