10ஜி கார்டு குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ரிச்சி தெருவில் எங்கள் கடையின் குறுகிய படியேறி வந்து சர்வர் கார்டும் ஃபைபர் கேபிளும் வாங்கிச் செல்லும் உங்களில் பலருக்கு, மூன்று வாரங்களாகக் கைபேசிகளில் பரவிவரும் அந்தப் படம் வந்து சேர்ந்திருக்கும். எங்கள் பில்லையும், நொடிக்கு 3.2 கிகாபிட் என்று காட்டும் வேகச் சோதனைத் திரையையும் சேர்த்துப் படமெடுத்து, மேலே “டூப்ளிகேட் 10ஜி கார்டு” என்று எழுதியிருக்கிறார்கள். கணினியை நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் வலையமைப்போடு இணைப்பதுதான் 10ஜி கார்டு. நேரில் கேட்டவர்களுக்கு நேரிலேயே விளக்கிவிட்டேன். கேட்கத் தயங்கி மனத்தில் வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கார்டு இன்டெல்லின் 82599 சில்லு கொண்டது. சர்வரிலிருந்து கழற்றிய பழைய கார்டு என்பதை நாங்கள் பில்லிலேயே எழுதித்தான் கொடுத்தோம். சந்தையில் போலிக் கார்டுகளே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது போலியல்ல. வாங்கியவரைக் கணினியோடு கடைக்கு வரச் சொல்லி, மதர்போர்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கார்டைச் செருகியிருந்த ஸ்லாட் வெளியிலிருந்து பார்க்க முழு நீளமாக இருந்தது. உள்ளேயோ ஒரு முனையில் மட்டுமே பொன்னிறத் தொடுமுனைகள் தெரிந்தன, மீதி முழுவதும் வெறும் பிளாஸ்டிக். அதாவது, எட்டுத் தடங்களில் தரவு அனுப்பக்கூடிய கார்டுக்கு அந்த ஸ்லாட் கொடுத்தது ஒரே ஒரு தடம்தான்.

இந்தக் கார்டு, மதர்போர்டையும் கார்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையின் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. அதில் ஒரு தடத்தின் வேகம் நொடிக்கு 5 கிகாபிட் என்றாலும், ஒவ்வொரு 10 பிட்டிலும் 8 பிட்தான் உண்மையான தரவு என்பதால் கைக்கு வருவது 4 கிகாபிட். அதிலும் தரவுப் பொட்டலங்களின் தலைப்புத் தகவல்களுக்குப் போக மூன்று சொச்சம் மிஞ்சும். திரையில் தெரிந்த 3.2 அதுதான். லினக்ஸில் கார்டுகளின் விவரம் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தபோதும் இணைப்பின் அகலம் ஒன்று, அதாவது ஒரே தடம், என்றே காட்டியது. அதே கார்டை அவர் கண்ணெதிரிலேயே முதல் ஸ்லாட்டுக்கு மாற்றினோம், 9.4 கிகாபிட் வந்தது. அவர் நல்ல மனிதர், உடனே வருத்தம் தெரிவித்தார். ஆனால் படம் அவர் கையை விட்டுப் போய் வெகு நாளாகியிருந்தது. பல ஆண்டுகளாக ஒவ்வொரு கார்டையும் சர்வரில் மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகே பெட்டியில் வைக்கும் எங்களுக்கு, “டூப்ளிகேட்” என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு. எந்த மதர்போர்டு, எந்த ஸ்லாட் என்று விற்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இவை சர்வர் விசிறிகளின் பலத்த காற்றை நம்பிச் செய்யப்பட்ட கார்டுகள், சாதாரணக் கேபினெட்டில் மாட்டினால் அருகில் ஒரு சிறு விசிறி தேவை என்பதையும் எல்லோரிடமும் சொல்லத் தவறிவிட்டோம். இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஃபைபர் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் “லிங்க் வரவில்லை” என்று திரும்பி வரும் மாட்யூல்களில் (கார்டில் செருகி ஃபைபருக்குள் ஒளி அனுப்பும் சிறு கருவிகளில்) பெரும்பாலானவை இங்கே மாட்டியதும் ஒழுங்காக வேலை செய்கின்றன. குறுந்தூரத்துக்கான எஸ்ஆர் மாட்யூல் 850 நானோமீட்டர் ஒளியை 50 மைக்ரான் உள்ளகம் (ஒளி ஓடும் நடுப்பகுதி) கொண்ட மல்டிமோடு இழைக்குள் அனுப்புவது; நீலப்பச்சை நிற ஓஎம்3 கேபிளில் 300 மீட்டர் வரை போகும். மஞ்சள் கேபிள் சிங்கிள்மோடு. அதன் உள்ளகம் ஏறக்குறைய 9 மைக்ரான்தான். அதற்கு நெடுந்தூரத்துக்கான 1310 நானோமீட்டர் எல்ஆர் மாட்யூல் வேண்டும், அது 10 கிலோமீட்டர் போகும். சென்ற மாதம் ஓர் அச்சகத்தார் எஸ்ஆர் மாட்யூலை மஞ்சள் கேபிளில் மாட்டி இரண்டு நாள் போராடியிருக்கிறார். ஒளியின் பெரும்பகுதி உள்ளகத்துக்குள் நுழையவே இல்லை. கேபிள் முனையை விரலால் தொட்டாலும் இதே கதிதான். பெறும் ஒளி 3 டெசிபல் குறைந்தால் பாதி ஒளி போயிற்று என்று பொருள். முனையைத் துடைக்கும் பேனா கடையில் இருக்கிறது, வந்தால் இலவசமாகவே துடைத்துத் தருவோம். ஆனால் ஒளி ஓடிக்கொண்டிருக்கும் இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது.

பதினோரு ஆண்டுகள் எங்கள் சோதனை மேசையைப் பார்த்துக்கொண்ட தம்பி, சிறுசேரியில் ஒரு தரவு மையத்தில் நல்ல வேலை கிடைத்துச் சென்றிருக்கிறார். மகிழ்ச்சியோடுதான் அனுப்பி வைத்தோம். இனிச் சோதனைகளை மாலை நான்கு மணிக்குமேல் நானே செய்வேன் என்பதால், மாற்றித் தரும் காலம் முப்பது நாளிலிருந்து பதினைந்து நாளாகிறது, குறையில்லாமல் திரும்பி வரும் பொருளுக்குச் சிறு சோதனைக் கட்டணமும் உண்டு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கிடங்கு நனைந்தபோது, கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல் மார்ச் வரை பொறுத்திருந்தவர்கள் நீங்கள். இந்த மூன்று வாரங்களிலும் அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, “அண்ணே, இது என்ன?” என்று முதலில் என்னிடம் கேட்டவர்களும் நீங்கள்தான். உங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அடுத்த முறை வரும்போது மதர்போர்டின் மாடல் எண்ணையும், கேபிள் ஓட வேண்டிய தூரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்